லுங்கிக்குள் கில்ட்டு

லுங்கி கட்டி வளர்ந்தவனுக்குக் கில்ட்டில் உட்காரத் தெரியாது. நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். லுங்கி நம் பேச்சைக் கேட்கும். வாரிச் சுருட்டித் தொடை இடுக்கில் செருகிக்கொண்டு தரையில், படிக்கட்டில், லாரி டயர் மேல், எங்கே வேண்டுமானாலும் குந்தலாம். எழுந்து ஒரு உதறு உதறினால் போதும். கசங்கியிருந்தாலும் கேட்க ஆளில்லை. கில்ட்டு, அதுதான் ஸ்காட்லாந்து ஆம்பிளைகள் கட்டுகிற கட்டம் போட்ட பாவாடை, அப்படியில்லை. அது மாப்பிள்ளை வீட்டு அத்தை மாதிரி. முன்பக்கம் சப்பையாக, ஒன்றும் தெரியாததுபோல இருக்கும். பின்பக்கம் முழுக்க மடிப்பு. அதில் ஒன்று புரண்டாலும் ஊருக்கே சொல்லிவிடும்.

நான் ஒரு பேண்டு செட்டில் சைடு டிரம் வாசித்தவன். பகலில் எண்ணூர் ரோட்டில் ஒரு கன்டெய்னர் யார்டு கேட்டில் வேலை. வருகிற லாரியை நிறுத்தி, கன்டெய்னர் கதவில் சீல் உடையாமல் இருக்கிறதா என்று பார்த்து, உள்ளே விட வேண்டும். முகூர்த்த நாட்களிலும் மாதா கோவில் திருவிழாக்களிலும் சாயங்காலம் டிரம். ராயபுரத்தில் எங்கள் தெருவில் இது ஒன்றும் கேவலமில்லை. தாசா மேளம், டிரம்பெட், கிளாரினெட் என்று வீட்டுக்கு ஒருத்தன் ஏதாவது ஒன்றைத் தூக்குகிறவன்தான். சிவப்புச் சட்டை, வெள்ளை பேன்ட், தொப்பி. அதில் பல வருஷம் ஓடியது. யாரைப் பார்த்தும் நான் ஒளிந்ததில்லை.

கில்ட்டைக் கொண்டுவந்தவர் எங்கள் மாஸ்டர். செட்டு அவருடையது. ஒரு நாள் போனில் ஏதோ வெளிநாட்டு ஊர்வலத்தைப் பார்த்துவிட்டு, துணி எடுத்து, டெய்லரிடம் கொடுத்து, எல்லோருக்கும் ஒரே அளவில் தைத்து வாங்கிவிட்டார். சிவப்பும் கறுப்பும் கட்டம் போட்டது. பக்கத்தில் வார், பக்கிள், முன்னால் ஒரு பெரிய ஊக்கு, இடுப்பிலிருந்து தொங்க வெள்ளை முடி வைத்த ஒரு பை. முழங்கால் வரைக்கும் வெள்ளைக் காலுறை, அதில் சிவப்புக் குஞ்சம்.

“இனிமே இத்தான் டிரஸ்ஸு நைனா. அண்ணா நகர் பார்ட்டிங்கோ எல்லாம் இத்தான் கேக்கறாங்கோ. பாக்க கிராண்டா கீது பாரு” என்றார்.

“மாஸ்டர், இத்துக்கு ஒரு ஜாக்கெட்டும் தெச்சுக் குடுத்துடு, முழுசா கட்டிக்கினு போறோம்” என்றான் பெரிய டிரம் அடிக்கிற என் தோஸ்து. கொருக்குப்பேட்டைக்காரன். கூட்ஸ் யார்டில் மூட்டை ஏற்றுகிறவன். செட்டில் சேர்ந்த நாளிலிருந்து எனக்குப் பக்கத்தில் நின்று அடிக்கிறவன். என் மகள் அவனைச் சித்தப்பா என்றுதான் கூப்பிடுவாள்.

வேட்டியில் தொடை தெரிய மடித்துக் கட்டிக்கொண்டு தெருக்கோடி வரை போய்வருகிற ஆம்பிளைகள்தான் நாங்கள். ஆனால் முழங்கால் வரை மூடுகிற இந்தத் துணியில் நிற்கும்போது அம்மணமாக நிற்பது போல இருந்தது. உள்ளே டவுசர் போட்டிருந்தோம். இருந்தாலும் அப்படித்தான்.

உட்காரும் விதத்தை மாஸ்டர் சொல்லிக்கொடுத்தார். உட்காருவதற்கு முன் இரண்டு உள்ளங்கையாலும் பின்பக்கத்தை மேலிருந்து கீழாகத் தடவிவிட வேண்டும். மடிப்புகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்த பிறகு மெதுவாக இறங்க வேண்டும். கால் மேல் கால் கூடாது. முட்டியைச் சேர்த்து வைக்க வேண்டும். சாய்ந்து உட்காரவே கூடாது. வீட்டில் பழகிப் பார்த்தேன். என் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

“நாங்க பொறந்ததுலேர்ந்து இப்டித்தான்யா குந்தறோம். எங்களுக்கு இன்னா மாஸ்டர் வெச்சா சொல்லிக் குடுத்தாங்க?”

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அதன் பிறகு அவள்தான் என் கில்ட்டுக்குப் பொறுப்பு. ஈரத்துணி போட்டு மடிப்பு மடிப்பாகத் தேய்ப்பாள். பிறகு எல்லா மடிப்பையும் சேர்த்து, கீழ் ஓரமாக வெள்ளை நூலில் நீளமாக ஒரு ஓட்டுத் தையல் போடுவாள். வழியில் எப்படி உட்கார்ந்தாலும் மடிப்பு பிரியாது. மண்டபத்துக்குப் போனதும் ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் நூல் முழுசாகக் கையோடு வந்துவிடும். தோஸ்துக்குப் பொண்டாட்டி இல்லை, நோயில் போய்விட்டாள். அவன் கில்ட்டுக்கும் இவள்தான் தையல்.

நூலை இழுப்பதற்கு ஒரு ஆள் வேண்டும். தன் முதுகு தனக்குத் தெரியாதல்லவா? வரிசையில் நிற்கும் முன் தோஸ்து எனக்கு முதுகைக் காட்டி நிற்பான். நான் குனிந்து நூலை உருவி, மடிப்பை நீவிவிடுவேன். “ஓகே மாமு” என்பேன். பிறகு நான் திரும்புவேன், அவன் உருவுவான். நூலை உருவ மறந்துவிட்டால் வம்பு. சின்ன அடியாக நடக்கலாம், ஆனால் மார்ச் போகக் காலை வீசினால் சாக்குக்குள் காலை விட்டவன் மாதிரி இடறும். புதிதில் ஒருத்தன் அப்படிப் போய்க் குப்புற விழுந்து, கல்யாணப் பெண்ணே சிரித்துவிட்டாள்.

அங்கே போய் மாற்றிக்கொண்டால் என்ன என்று கேட்கலாம். முதலில் அப்படித்தான் செய்தோம். மண்டபத்தில் பேண்டுக்காரனுக்கு ரூம் யார் கொடுப்பார்கள்? ஜெனரேட்டருக்குப் பின்னால், எச்சில் இலைத் தொட்டி பக்கத்தில் நின்று மாற்றுவோம். ஒரு நாள் எவனோ அதை போனில் படம் பிடித்துவிட்டான். மாஸ்டருக்கு ரோஷம் வந்துவிட்டது. இனிமேல் வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு வாருங்கள் என்றார். டிரம்மெல்லாம் அவருடைய வண்டியில் போய்விடும். ஆள் மட்டும் வர வேண்டும், கில்ட்டோடு, ஷேர் ஆட்டோவில்.

யாரால் முடியும்? அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தோம். கில்ட்டுக்கு மேலே லுங்கி. வெள்ளைச் சட்டை, லுங்கி, கையில் பை. கோட்டும் தொப்பியும் இடுப்பில் தொங்கவிடுகிற முடிப் பையும் அதற்குள். காலுறையும் ஷூவும் மட்டும் கொஞ்சம் இடிக்கும். ஆஸ்பத்திரியில் டாக்டர் போடச் சொன்னார் என்று ஷேர் ஆட்டோவில் ஒரு கிழவரிடம் நானே புளுகியிருக்கிறேன். ஆனால் லுங்கியை இறுக்கிக் கட்டக் கூடாது. இறுக்கினால் இடுப்புப் பக்கத்தில் மடிப்பு நசுங்கிவிடும். பெல்ட்டுக்கு மேலே பட்டும் படாமலும் ஒரு சுற்று சுற்றி லேசாகச் செருகியிருக்க வேண்டும். அந்த லேசு முடிச்சுதான் என்னைக் கவிழ்த்தது.

போன வருஷம் மகளுக்கு வரன் வந்தது. அவளுக்கு ஒரு லேபில் ரத்தம் பரிசோதிக்கிற வேலை. பையன் மாத்தூர். ஐடி கம்பெனி. அவன் அப்பா மணலியில் ஒரு கம்பெனியில் ஷிப்டு இன்சார்ஜ், இன்னும் ஒரு வருஷம் சர்வீஸ் இருந்தது. அமைதியான மனிதர். பெண் பார்க்க வந்தபோது எங்கள் வீட்டு வாசலில் செருப்பை விட்டு உள்ளே நுழைந்ததே ஒரு அழகாக இருந்தது.

“சார் எங்க ஒர்க் பண்றீங்க?” என்றார்.

“கன்டெய்னர் யார்டுல” என்றேன். அதோடு நிறுத்திக்கொண்டேன். பொய் சொல்லவில்லை. ஆனால் உள்ளறையில் ஆணியில் தொங்கிய கில்ட்டின் மேல் ஒரு போர்வையைப் போட்டு மூடிவிட்டுத்தான் அன்று அவர்களை உள்ளே கூப்பிட்டேன்.

“சொல்லிடுப்பா, அவங்களா தெரிஞ்சிக்கினா அசிங்கம்” என்றாள் மகள். ஓலை முடியட்டும் என்றேன். பூ வைத்தாகிவிட்டது. மாதா கோவிலில் இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று மூன்று ஞாயிறு ஓலை வாசித்துவிட்டால் பிறகு பின்வாங்க மாட்டார்கள் என்பது என் கணக்கு. சட்டை பேன்ட்டில் வாசித்த காலமாக இருந்தால் சொல்லியிருப்பேன். “பேண்டு வாசிக்கறேன்” என்று சொல்லிவிடலாம். “பாவாடை மாதிரி ஒன்று கட்டிக்கொண்டு வாசிக்கறேன்” என்று மகளுக்கு மாமனாராக வரப்போகிறவரிடம் எந்த வாயால் சொல்வது?

முதல் ஓலைக்கு முந்தின நாள், சனிக்கிழமை. திருவொற்றியூர் தேரடிப் பக்கம் ஒரு மண்டபத்தில் வரவேற்பு. மழை பெய்து ஓய்ந்திருந்தது. ஷேர் ஆட்டோ மெயின் ரோட்டிலேயே இறக்கிவிட்டுப் போய்விட்டது. தெரு முழுக்கச் சேறு. லுங்கியை மடித்துக் கட்டினேன், கில்ட்டின் ஓரம் வெளியே தெரியாத அளவுக்கு, முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே வரைக்கும். ஒரு கையில் பை. காலுறையில் சேறு தெறிக்காமல் பார்த்துப் பார்த்து வைத்து நடந்துகொண்டிருந்தேன்.

டீக்கடை வாசலில் பைக்கை நிறுத்திவிட்டு சம்பந்தி நின்றிருந்தார். கையில் கிளாஸ். என்னைப் பார்த்துவிட்டார்.

“அடடே, வாங்க வாங்க” என்று சிரித்தார்.

பெரிய மனுஷன் எதிரே வந்தால் மடித்துக் கட்டினதை இறக்கிவிட வேண்டும். இதை யாரும் எனக்கு உட்கார வைத்துச் சொல்லித்தரவில்லை. நடக்கப் பழகியபோதே கைக்குப் பழகிய சமாச்சாரம். வாத்தியார், சாமியார், மாமனார், யாரைப் பார்த்தாலும் புத்திக்கு முன்னால் கை போய்விடும். அன்றும் போனது. வலது கை இடுப்புக்குப் போய் மடித்துச் செருகியதை இழுத்து இறக்கியது. அதோடு அந்த லேசு முடிச்சும் வந்துவிட்டது. லுங்கி மொத்தமாக இறங்கிக் காலைச் சுற்றிச் சேற்றில் விழுந்தது.

மரியாதை கொடுக்கப் போய் மானம் போயிற்று. வெள்ளைச் சட்டை, சிவப்புக் கட்டம் போட்ட பாவாடை, வெள்ளைக் காலுறை, அதில் ஆடுகிற குஞ்சம். நடுத் தெருவில் அப்படி நின்றேன். பக்கத்தில் பூக்கட்டுகிற அம்மா, “ஐய, இன்னாய்யா உள்ள இன்னொரு பாவாட!” என்று கத்தினாள். டீக்கடையில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். நான் குனியக்கூட இல்லை. தையல் போட்டிருந்தும், குனிந்தால் பின்னால் மடிப்பு புரளும் என்று அந்த நேரத்திலும் புத்தி சொன்னது. அப்படி ஒரு புத்தி.

சம்பந்தி டீ கிளாஸை வைத்துவிட்டு வந்தார். அவரே குனிந்து, சேறு சொட்டுகிற லுங்கியை எடுத்து, ஒரு தடவை உதறி என் கையில் கொடுத்தார்.

“கட்டுங்க முதல்ல” என்றார். நான் சுற்றிக்கொண்டேன். “என்ன சம்பந்தி இது?” என்று கேட்டார்.

“பேண்டு செட்டு. டிரம் வாசிக்கறேன். ரொம்ப வருஷமா.”

அவர் தலையை ஆட்டினார். பிறகு பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பாதி டீ கிளாஸிலேயே இருந்தது. அன்று நான் அடித்த அடி ஒன்றும் தாளத்தில் விழவில்லை. “இன்னா மாமு, கை இங்க கீது, நீ எங்க கீற?” என்று தோஸ்து இரண்டு தடவை கேட்டான். வேலை முடிந்த பிறகு சொன்னேன். எதற்கும் சிரிக்கிறவன், இதற்குச் சிரிக்கவில்லை.

மறுநாள் பூசையில் சாமியார் மகள் பேரையும் பையன் பேரையும் ஓலையில் வாசித்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. வரன் நிற்கிறது. ஆனால் சாயங்காலம் சம்பந்தி தனியாக வீட்டுக்கு வந்தார். காபியை முழுசாகக் குடித்தார். பிறகு மெதுவாகத்தான் பேசினார். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

“நான் ஒண்ணும் தப்பா நினைக்கல. உழைக்கிறீங்க. ஆனா எங்க அண்ணன் வீடு, அக்கா வீடு எல்லாம் ஒரு மாதிரி. பையன் ஆபீஸ்லேர்ந்தும் வருவாங்க. இது நமக்குள்ளயே இருக்கட்டும். இனிமே அதைப் போட்டுக்காதீங்க, என்ன?”

“சரிங்க” என்றேன்.

வாசல் வரைக்கும் போனவர் திரும்பி வந்தார். “அப்புறம், ரிசப்ஷனுக்கு பேண்டு வைக்கணும்னு எங்க வீட்ல ஆசைப்படறாங்க. உங்களுக்குத்தான் தெரியும், நல்ல செட்டா ஒண்ணு சொல்லுங்க. அந்த டிரஸ் போட்டவங்களாவே இருக்கட்டும். பாக்க கிராண்டா இருக்கும்.”

அவர் கிண்டல் செய்யவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. இன்னொருத்தன் கட்டினால் கிராண்டு, சம்பந்தி கட்டினால் அசிங்கம். இது இரண்டும் அவர் மனசில் ஒன்றையொன்று இடிக்காமல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன. எனக்கும் அப்படித்தானே இருந்தது? வேறு செட்டைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. எங்கள் மாஸ்டர் நம்பரையே கொடுத்தேன்.

அவர் போனதும் மனைவி கிளாஸை டொக்கென்று வைத்தாள். “அவுரு போட்டுக்காதன்னாரு, நீயும் சரின்ன. உன் மூஞ்சிக்கு ஒரு ரோஷம் கீதா?”

“பொண்ணு வாழ்க்கடி.”

“பொண்ணு வாழ்க்கதான். நான் இன்னா வேணாம்னா சொன்னேன்? நல்லா வாழட்டும். நீ ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல, இன்னா அசிங்கம்னு? இத்தினி வருஷமா தேச்சுத் தேச்சுக் குடுத்தவ நானு. அப்ப நானும்தான் அசிங்கம்.”

நான் ஆணியிலிருந்து கில்ட்டை எடுத்து அவள் பக்கத்தில் வைத்தேன். அடுத்த நாள் கில்ட்டைத் துவைத்து, தேய்த்து, நீளவாக்கில் சுருட்டி, என் பழைய பேன்ட்டிலிருந்து வெட்டியெடுத்த ஒரு காலுக்குள் உறை மாதிரி நுழைத்துக் கொடுத்தாள். கசங்காமல் இருக்க அதுதான் வழி. மாஸ்டரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதற்குள் சம்பந்தி ரிசப்ஷனுக்காக அவரிடம் போனில் பேசியிருந்தார். “நாங்க பாத்துக்கறோம் நைனா. அன்னிக்கு உன்ன யாருக்கும் தெரியாது” என்றார். எங்களைத் தெரியாதவர்களாக இருங்கள் என்று நான் அவரிடம் கேட்கவேயில்லை. கேட்காமலே புரிந்துகொண்டாரே என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது.

காலையில் கோவிலில் தாலி ஆயிற்று. சாயங்காலம் தண்டையார்பேட்டையில் மண்டபம். மாப்பிள்ளை வீட்டார் ஆசைப்பட்டபடி எனக்குக் கோட்டு சூட்டு. வாசலில் சம்பந்தியும் நானும் பக்கத்தில் பக்கத்தில் நின்று வருகிறவர்களைக் கும்பிட்டுக்கொண்டிருந்தோம். சூட்டுக்குள் வேர்த்து ஊற்றியது. பேன்ட்டு போட்ட இரண்டு காலையும் எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன்.

செட்டு வந்து இறங்கியது. ஒவ்வொருத்தராக லுங்கியை அவிழ்த்து மடித்துப் பையில் வைத்தார்கள். யாரும் என் பக்கம் பார்க்கவில்லை. மாஸ்டர் சம்பந்திக்கு மட்டும் ஒரு சல்யூட் வைத்தார். என் இடத்தில் வியாசர்பாடியிலிருந்து ஒரு புது ஆள், என் கில்ட்டில். எனக்குத் தொடையில் இறுக்கமாக இருந்த இடம் அவனுக்குத் தொளதொளவென்று இருந்தது. சம்பந்தியின் அண்ணன் போனைத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டே, “சூப்பரா இருக்காங்கல்ல?” என்று என்னிடம் கேட்டார். “ஆமா சார்” என்றேன்.

மாப்பிள்ளையும் பெண்ணும் காரிலிருந்து இறங்கினார்கள். மகள் வெள்ளை கவுனை இரண்டு கையாலும் சரி செய்துகொண்டே நிமிர்ந்தவள் நேராகத் தோஸ்தை, அவளுடைய சித்தப்பாவைப் பார்த்தாள். வாய் லேசாகத் திறந்தது. கூப்பிடப் போகிறாள் என்று நினைத்தேன். கூப்பிடக் கூடாது என்றும் நினைத்தேன். அவன் கண்ணை மட்டும் ஒரு தடவை மூடித் திறந்தான். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

செட்டு அவர்களை உள்ளே அழைத்துப் போக வேண்டும். எங்களுக்கு முதுகைக் காட்டி வரிசை கட்டினார்கள். தோஸ்து எனக்கு நேர் முன்னால், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில். அவன் கில்ட்டின் கீழ் ஓரத்தில் வெள்ளை நூல் அப்படியே இருந்தது. முந்தின நாள் கல்யாண வேலைகளுக்கு நடுவில் என் மனைவி அவனை வரச்சொல்லிப் போட்டுக்கொடுத்த தையல். புது ஆளுக்குப் பக்கத்து ஆளின் முதுகைப் பார்க்க வேண்டும் என்று தெரியவில்லை. அவனுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவன் சூட்டு போட்டுக்கொண்டு பின்னால் நின்றிருந்தேன். மாஸ்டர் கையைத் தூக்கிவிட்டார். அந்தப் பெரிய டிரம்மை வயிற்றில் கட்டிக்கொண்டு அந்தத் தையலோடு அவன் ஒரு மார்ச் அடி எடுத்து வைத்தால் விழுவான், என் மகள் கல்யாணத்தில், அத்தனை போன்களுக்கும் முன்னால்.

யோசித்தேன் என்று சொன்னால் பொய். கை போய்விட்டது. குனிந்து முனையைப் பிடித்து ஒரே இழுப்பில் நூலை உருவி, உள்ளங்கையால் மடிப்பை மேலிருந்து கீழாக நீவிவிட்டேன். “ஓகே மாமு” என்று வாய்வரைக்கும் வந்தது. பக்கத்தில் சம்பந்தி பார்த்தார். பிறகு பார்க்காதவர் மாதிரி கார் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் அந்த வார்த்தையை விழுங்கிக்கொண்டேன்.

தோஸ்து திரும்பவில்லை. தலையை மட்டும் லேசாகச் சாய்த்தான்.

“தேங்க்ஸ் சார்” என்றான்.

டிரம் முழங்க ஆரம்பித்தது. கால் தாராளமாக விழ, மடிப்பெல்லாம் ஒரே சீராக ஆட, அவன் உள்ளே போய்விட்டான். அடுத்த விருந்தாளி என் முன்னால் வந்து நின்றார். நூலை எங்கே போடுவதென்று தெரியவில்லை. அதைக் கைக்குள் வைத்துக்கொண்டே அவரைக் கும்பிட்டேன்.